வெர்னாவின் உடுப்பில் ஒருத்தி

பாலோ பின்டோ முகாம்,
யூமாவுக்கு அருகில், அரிசோனா
நவம்பர் 9, 1993

அன்புள்ள மார்லிஸ்,

குளிர்காலத்தைக் கழிக்க நாங்கள் நல்லபடியாக இங்கே வந்து சேர்ந்தோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன நடையை நடக்கிறாயா, இல்லை, வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நடந்துவிட்டதாக அவரிடம் சொல்கிறாயா?

வயோமிங்கில் காற்று பிடித்துத் தள்ளியது. பின்னால் வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு அந்தக் காற்றிலும் ஓரின் நூல் பிடித்தாற்போல ஓட்டினார். பால் லாரியில் ஆயுசைக் கழித்த மனுஷர். வேறு எது மறந்தாலும் அவர் கைக்கு ஸ்டியரிங் மறக்காது.

முகாமில் எல்லாம் போன வருஷம் போலத்தான். பக்கத்து இடத்தில் அதே எல்வீராவும் டுவேனும். கனடாவிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து, வாசலில் பச்சைக் கம்பளம் விரித்து, தகரக் கொக்குகளை நட்டுவைத்திருக்கிறார்கள். காலையில் காபி, மதியம் சீட்டு, சனிக்கிழமை நடனம். எங்கள் வரிசையில் சிலர் இந்த வருஷம் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அது வழக்கமில்லை.

யூட்டாவில் பெட்ரோல் போட நின்றபோது ஒரு வேடிக்கை. ஓரின் கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க முதல்ல போங்கம்மா" என்றார் என்னிடம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாவம், களைப்பு.

எங்கள் வீட்டுக் குழாய்கள் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள். நீயும் உறைந்துவிடாதே.

உன் அக்கா,
வெர்னா

ஸ்டோர்டால், வடக்கு டகோட்டா
நவம்பர் 27

அன்புள்ள வெர்னா,

இடுப்பு அதன் இடத்தில்தான் இருக்கிறது, நன்றி. உங்கள் இருவர் உடம்பும் சௌக்கியம்தானே? உன் கடிதம் வந்த அன்று இங்கே முழங்கால் வரை பனி. தபால்பெட்டிக்குப் போய்வருவதற்குள் மூக்கு மரத்துவிட்டது. நீ என்னவென்றால் செருப்பு இல்லாமல் சீட்டாடிக்கொண்டிருக்கிறாய்.

நன்றிநாள் விருந்து மாதாகோயில் நிலவறையில் நடந்தது. போதகர் மனைவி செய்த வான்கோழி காய்ந்த மரக்கட்டை. எல்லோரும் புகழ்ந்தோம். ஓரினுக்குப் பிடிக்குமே என்று லெஃப்சா ரொட்டி ஒரு கட்டு தனியே அனுப்பியிருக்கிறேன். நீ ஒளித்துவைத்துத் தின்றுவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்துக்கு அடியில் ஓரின் எப்போதும் இரண்டு வரி கிறுக்குவார். உன் அக்கா சீட்டில் ஏமாற்றுகிறாள், உன் அக்கா பாதி முகாமை விரோதித்துக்கொண்டாள் என்று ஏதாவது. இந்த முறை அது இல்லை. என் மேல் கோபமா? போகும்போது வாசலில் நின்று அவரோடு சரியாகப் பேசவில்லை என்று எனக்கே ஒரு உறுத்தல். கேட்டதாகச் சொல்.

உன் வீட்டுக் குழாய்கள் நலம்.

மார்லிஸ்

பாலோ பின்டோ முகாம்
டிசம்பர் 14

அன்புள்ள மார்லிஸ்,

ரொட்டி வந்தது. பத்திரமாகச் சுற்றி அனுப்பியிருந்தாய், ஒன்றுகூட உடையவில்லை. இந்தக் குளிரில் தபால்பெட்டிக்குத் தடி ஊன்றிக்கொண்டு போ. விழுந்துவைத்தால் தூக்க ஆளில்லை.

ஓரினுக்கு யார் மேலும் கோபமில்லை. காலையில் நடக்கப் போய்விடுகிறார். ஓடைப் பள்ளம் தாண்டி, கருங்கல் குன்று வரை. தண்ணீர் எடுத்துப்போகச் சொன்னால் கேட்பதில்லை. வரத் தாமதமானால் டுவேன் ஜீப்பை எடுத்துக்கொண்டு எதிரே போய்ப் பார்க்கிறார். நடப்பது நல்லதுதானே, அவர் வயதில்.

உன் ரொட்டியை அவர் இன்னும் வாயில் வைக்கவில்லை. இப்போதெல்லாம் டப்பா உணவைத் தானே திறந்து தானே சுடவைத்துச் சாப்பிடுகிறார். இத்தனை வயதுக்கு மேல் சமையலில் ஆசை வந்திருக்கிறது போல. போன வாரம் என் கல்யாண மோதிரத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பொறித்திருந்ததைப் படித்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டார். தேய்ந்துவிட்டதா என்று பார்த்திருப்பார்.

குறட்டை தாங்க முடியாமல் நான் சாப்பாட்டு மேஜைப் பெஞ்சுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். இடமும் போதவில்லை. அவர் துப்பாக்கியை டுவேன் வண்டியில் வைத்திருக்கக் கொடுத்துவிட்டேன். சாமான் குறைந்தால்தான் இதற்குள் மனுஷர் புழங்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முகாமில் ஊர்வலம், கோல்ஃப் வண்டிகளுக்கெல்லாம் விளக்கு கட்டி. உனக்கும் நல்ல பண்டிகையாக இருக்கட்டும்.

வெர்னா

ஸ்டோர்டால்
டிசம்பர் 28

வெர்னா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று சம்பிரதாயத்துக்காக அல்ல, நிஜமாகவே கேட்கிறேன். உனக்கு என்ன?

உன் கடிதத்தைப் பண்டிகை முழுக்க அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஓரினின் துப்பாக்கி அவருடைய அப்பா கொடுத்தது. வீட்டை அடமானம் வைத்த வருஷத்தில்கூட அதை அவர் விற்கவில்லை. அதை நீ "சாமான்" என்கிறாய். அவர் உன் சமையலைத் தொடாமல் டப்பாவைத் திறந்து தின்கிறார் என்கிறாய். சின்ன வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். நீ ஒன்றை மறைக்கும்போதுதான் இப்படிக் கலகலவென்று எழுதுவாய்.

முகாம் ஆபீசுக்கு போன் செய்தேன். அந்தப் பெண், "ரெண்டு பேரும் நல்லாதான் இருக்காங்க, சனிக்கிழமை டான்ஸ்ல பாத்தேனே" என்றாள். உன்னைக் கூப்பிட்டுவரச் சொன்னேன். வெளியே போயிருக்கிறீர்கள் என்றாள்.

அவர் உன்னை அடிக்கிறாரா? கேட்கவே நாக்கூசுகிறது. ஓரினைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

பதில் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

மார்லிஸ்

பாலோ பின்டோ முகாம்
ஜனவரி 6, 1994

மார்லிஸுக்கு ஓரின் எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை ஓடைப் பள்ளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலை நானே போய்ப் போடுவேன்.

வெர்னா எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா?

இங்கே வண்டிவீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வெர்னாவைப் போலவே இருக்கிறாள். வெர்னாவின் உடுப்பைப் போட்டிருக்கிறாள். மோதிரமும் அவளிடம் இருக்கிறது, வாங்கிப் பார்த்தேன், அசல்தான். வெர்னா அதைக் கழற்றிக் கொடுக்கக்கூடியவள் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம்.

இந்தப் பெண் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொள்கிறாள். நன்றாகச் சமைக்கிறாள் போலிருக்கிறது, வாசனை வருகிறது. நான் சாப்பிடுவதில்லை. எல்வீராவும் டுவேனும் அவளை வெர்னா என்றே கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியவில்லையா, இல்லை தெரிந்தும் சேர்ந்துகொண்டார்களா, எனக்குப் புரியவில்லை. அவளிடம் ஒருமுறை கேட்டும் விட்டேன்; இன்னும் கேட்டால் இவர்கள் வெர்னாவை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று நான் வாயைத் திறப்பதில்லை.

வெர்னா என்னைப் பிடிக்காமல் உன்னிடம் வந்துவிட்டாள் என்றால், சொல்லிவிடு. அவளைத் தொந்தரவு செய்ய மாட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

இங்கே பதில் எழுதாதே. அவள் படித்துவிடுவாள்.

ஓரின்

ஸ்டோர்டால்
ஜனவரி 12

(எல்வீரா, இதை வெர்னா தனியாக இருக்கும்போது அவளிடம் கொடுங்கள். உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். குடும்பத்தோடு நலமாக இருங்கள்.)

வெர்னா,

ஓரினிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

படித்தாயா?

நான் செய்ததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததும் உன் கடிதங்களையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, எழுத்து உன் எழுத்துதானா என்று பார்த்தேன். பட்டப்பகலில், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது. அவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார் மனுஷர். ஒரு பிழைகூட இல்லை. பைத்தியக்காரன் எழுத்து மாதிரியே இல்லை. கொஞ்ச நேரம் நானும் நம்பிவிட்டேன்.

ஆகையால் கேட்கிறேன், சிரிக்காதே. நாம் சிறுமிகளாக இருந்தபோது பண்ணைக் கிணற்றில் என்ன விழுந்தது?

உனக்கு அங்கே பாதுகாப்பா? அவரை டாக்டரிடம் காட்டினாயா? நான் கிளம்பி வரட்டுமா? இடுப்பைப் பற்றி நினைக்காதே, என்னைத் தூக்கி ரயிலில் போட ஆள் இருக்கிறது.

மார்லிஸ்

பாலோ பின்டோ முகாம்
ஜனவரி 19

அன்புள்ள மார்லிஸ்,

கிணற்றில் விழுந்தது போதகரின் தொப்பி. போட்டது நீ. அடி வாங்கியது நான். நீயும் இப்படிக் கேட்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கோபமில்லை. கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது.

நீ வர வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்.

யூட்டாக் கடை வாசலிலேயே தொடங்கிவிட்டது. அங்கே அவர் வேடிக்கை செய்யவில்லை. வந்த பிறகு ஒருநாள் என்னிடமே, "வெர்னா எப்ப வருவான்னு உங்ககிட்ட சொன்னாளா?" என்று கேட்டார். நான்தான் வெர்னா என்றேன். சரி என்று தலையாட்டினார், கடையில் பொய் சொல்லும் ஆளிடம் தலையாட்டுவதுபோல. நான் எப்படிச் சொன்னாலும் அவர் முகம் மூடிக்கொள்கிறது. அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்றால், அறியாத பெண்ணோடு நான் எதற்கு வண்டியில் ஏற வேண்டும் என்கிறார்.

அடித்ததில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒருநாள் மதியம், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சக்கரம் கழற்றும் இரும்போடு வந்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. "வெர்னாவ எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. மார்லிஸ், அவருக்கு என் மேல் பயம். அது தெரிந்த பிறகுதான் எனக்கு அவர் மேல் பயம் வந்தது. வெர்னா கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். இரும்பைக் கீழே வைத்துவிட்டார். இப்போது அது அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது. நான் பெஞ்சில் காலணியோடு படுக்கிறேன்.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். துணி துவைக்கும் கொட்டகையில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, பழக்கதோஷத்தில், "ஓரின், சோப்புத்தூளக் கொண்டா" என்று கூப்பிட்டுவிட்டேன். "இதோ வரேன் வெர்னா" என்றார். அதே பழைய குரல். தட்டியைச் சுற்றி வந்து என்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. என் குரல் அவருக்குத் தெரிகிறது. என்னைத்தான் தெரியவில்லை.

உடனே எல்வீராவிடம் சொல்லி அவரைப் பொதுக்கூடத்து போனுக்குக் கூட்டிவரச் செய்தேன். நான் ஆபீஸ் போனிலிருந்து பேசினேன். நடுவில் ஒரு சுவர்தான்.

"வெர்னா, எங்கடி போன?" என்றார். அழுதார். "நம்ம வீட்டுல ஒரு பொம்பள இருக்கா. எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் வா."

அவள் நல்லவள்தான், அவள் கொடுப்பதைச் சாப்பிடு என்றேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: மார்லிஸுக்கு இடுப்பு முடியவில்லை, அவள் வீட்டில் இருக்கிறேன். அன்று சாயங்காலம் நான் வைத்த சூப்பை ஒரு கரண்டி குடித்தார். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி எல்வீரா பெயருக்கே எழுது.

வெர்னா

பாலோ பின்டோ முகாம்
ஜனவரி 29

மார்லிஸ்,

உனக்கு போன் செய்தால் மணி அடிக்கவே இல்லை. வடக்கு டகோட்டா முழுக்கப் பனிப்புயலில் கம்பிகள் விழுந்து கிடக்கின்றன என்கிறார்கள். நீ கணப்புக்கு விறகு வைத்திருக்கிறாயா, சூடாக இருக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

ஓரின் போய்விட்டார். முந்தாநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது வண்டிவீட்டைக் கழற்றிவிட்டு, அதை இழுத்துவந்த பிக்கப் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொக்கியை முறைப்படி கழற்றி, சங்கிலியைச் சுருட்டி வைத்து, மேஜையில் எனக்குப் பணம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலைக்காரிக்குக் கணக்குத் தீர்ப்பதுபோல.

ஷெரீஃப் ஆபீசிலிருந்து ஒருவன் வந்தான். சின்னப் பையன் போலத்தான் இருந்தான், மரியாதையானவன். மறதிக்காரர்கள் வெகுதூரம் போக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஓடைப் பள்ளங்களில் தேடுகிறார்கள். அவர் மறதிக்காரர் இல்லை, என் தங்கை வீட்டுக்குத்தான் போகிறார், வழி முழுக்க அவருக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும் என்றேன். எழுதிக்கொண்டான். நம்பவில்லை. டுவேன் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஹெலிகாப்டர் குன்றுக்கு மேல் போகும்போதெல்லாம் எல்வீரா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

மெல்லிய சட்டையோடு போயிருக்கிறார். குளிர்கோட்டு இங்கே ஆணியில் தொங்குகிறது. அவரை அனுப்பியது நான். என் வாயால் உன் வீட்டைச் சொன்னேன்.

இன்னொன்று. அவர் போன அன்று, ரொம்ப நாளைக்குப் பிறகு, காலணியைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எழுந்ததும் அழுதேன்.

கிடைக்காமல் போய்விடுவாரோ என்று ஒரு பயம். கிடைத்தால் மறுபடி என்னைப் பார்ப்பாரே என்று இன்னொரு பயம். எது பெரிது என்று கேட்காதே.

வெர்னா

ஸ்டோர்டால்
பிப்ரவரி 4

அன்புள்ள வெர்னா,

நான் சூடாக, சுகமாக இருக்கிறேன். ஓரினும். போனில் நேற்று பேசிவிட்டோம் என்றாலும் அவர் பக்கத்தில் இருந்ததால் உன்னிடம் சொல்ல முடியாதவை இருக்கின்றன.

பனி தள்ளும் வண்டிக்காரன்தான் அவரைக் கொண்டுவந்து விட்டான். பிக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டதாம். அதுவரை, வெர்னா, அந்தப் புயலில், ஊர் எல்லை வரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையெல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "மார்லிஸ், வெர்னாவக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். கெளம்பச் சொல்லு."

கையை வெந்நீரில் வைத்து, காபி கொடுத்து, நீ மாதாகோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். இந்தப் புயலிலா என்றார். எழுந்து அறை அறையாகப் போனார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நிலவறைக்கு இறங்கினார். திரும்ப ஏறிவந்து வாசலில் நின்று, "நீயும் அவங்க பக்கம் சேந்துட்டியா?" என்று கேட்டார்.

என் கணவர் செத்தபோது, உறைந்து கிடந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்துக் குழி தோண்டிய மனுஷர் அவர். அவர் முன்னால், எனக்கும் அவருக்கும் நடுவில் மேஜை இருக்கும்படி நான் நகர்ந்து நின்றேன். அப்போதுதான், இத்தனை வாரம் நீ எப்படிக் குடித்தனம் நடத்தியிருக்கிறாய் என்று எனக்கு உறைத்தது.

அன்று முழுக்க ஜன்னலோரம் பூட்ஸைக் கழற்றாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய்க்கு மேல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் போன் அடித்ததும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நீ அவர் குரலை மட்டும் கேட்டாய். நான் முகத்தைப் பார்த்தேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பேசினார். பேசி முடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

நீ வந்துவிடு. பின்வாசல் வழியாக வா. அவர் உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் பேசிவிடு. அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. கணப்புக் கம்பியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன்.

மார்லிஸ்

ஸ்டோர்டால்
மார்ச் 20

அன்புள்ள எல்வீரா, டுவேன்,

இருவரும் நலமா? டுவேனின் இருமல் நின்றதா? இந்நேரம் முகாமில் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள். எங்கள் வண்டிவீட்டை வந்த விலைக்கு விற்றுவிடுங்கள். உள்ளே இருப்பதில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ததற்கெல்லாம் நன்றி எழுதினால் முடியாது. என்ன ஆயிற்று என்றாவது சொல்ல வேண்டும்.

மார்லிஸ் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தேன். சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "ஓரின், நான் வந்துட்டேன்" என்றேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "உள்ள வா, ஏன் அங்கயே நிக்கிற?" என்றார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடிக்கொண்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். விரல்களைத் தடவிப் பார்த்தார். "கை என்ன இப்படிச் சில்லுனு இருக்கு" என்றார். அப்படியே இருந்திருக்கலாம். கண்ணைத் திறந்துவிட்டார்.

கையை உதறினார். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. என்னைத் தாண்டி சமையலறைப் பக்கம் பார்த்தார், வெர்னாவைத் தேடி. "இவ இங்கயும் வந்துட்டா" என்றார் மார்லிஸிடம். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு நடுங்குவதை நான் பார்த்ததில்லை. மார்லிஸ் அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

எனக்கு ஓடிவிடத் தோன்றியது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோட்டுப் பொத்தானைப் போடக்கூடத் தொடங்கிவிட்டேன். பிறகு கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்: "ஓரின், அவங்க நர்ஸ். நான்தான் வரச் சொன்னேன்."

காலடிச் சத்தம் கதவுக்கு அருகே வந்து நின்றது.

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"நல்லாத் தெரியும்."

"நம்பலாமா?"

"நம்பலாம்," என்றேன்.

நாற்காலியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "சரி, உக்காரச் சொல்லு" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறோம். மார்லிஸ் தினமும் வருகிறாள். அந்த நர்ஸ் சமைப்பதை அவர் சாப்பிடுகிறார். அவளோடு டாக்டரிடமும் வருகிறார். மைனாட்டில் இருக்கும் டாக்டர், மூளையில் சின்னச் சின்ன அடைப்பு என்றார். முகம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது தன் மனைவி என்ற உணர்வு வந்து சேர்வதில்லையாம். குரல் வேறு வழியாக வருகிறதாம். அந்த வழியும் ஒருநாள் அடைபடலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். தினமும் அவரைக் கூப்பிட வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பயம் கூடவே வருகிறது. கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை மூச்சு விடுவதில்லை.

சற்றுமுன் சாப்பிட்டுவிட்டு, "வெர்னா சாயங்காலம் வருவால்ல?" என்று கேட்டார். வருவாங்க என்றேன். இதோ, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டேன். கடிதத்தை இதோடு முடித்துக்கொண்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

என்றும் உங்கள்,
வெர்னா